பாதாள ரயிலின் பெயர்ப் பலகைகள்

இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று கொல்கத்தாவில், எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. தூரம் 3.4 கிலோமீட்டர்தான். 1972இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய திட்டம், டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுமையடைய 1995 ஆகிவிட்டது. சாலையை வெட்டித் திறந்து, உள்ளே சுரங்கம் கட்டி மூடும் முறை என்பதால் நகரின் முக்கிய வீதிகள் ஆண்டுக்கணக்கில் பள்ளமாகக் கிடந்தன. பள்ளங்களைச் சுற்றி நடந்த மக்கள் அதைப் 'பாதாள ரயில்' என்றார்கள்.

2009இல் தடம் தெற்கே கரியா நோக்கி நீண்டது. பாதாளத்தில் அல்ல, ஆதிகங்கைக் கால்வாயின் மேல் தூண்களில். அப்போதைய ரயில்வே அமைச்சர் மம்தா பானர்ஜி காலத்தில் குத்காட் 'நேதாஜி' ஆனது, நாக்தலா 'கீதாஞ்சலி', பான்ஸ்துரோணி 'மாஸ்டர்தா சூர்யா சென்'.

ஆளின் பெயர் வைப்பதே பிழை என்று சொல்ல மாட்டேன். நேதாஜி பவன் நிலையத்திலிருந்து சுபாஷ் சந்திர போஸின் வீட்டுக்கு நடந்தே போகலாம். டாலிகஞ்ச் வங்கத் திரைப்படத்தின் தலைநகரம். அந்த நிலையத்துக்கு நடிகர் உத்தம் குமார் பெயர் வைத்தது பொருந்துகிறது. சோபாபஜாரோடு சுதாநுடியைச் சேர்த்தது இன்னும் நல்ல வேலை: நகரம் முளைத்த மூன்று கிராமங்களில் ஒன்று பலகைக்குத் திரும்பியது.

ஆனால் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய சூர்யா சென்னுக்கும் பான்ஸ்துரோணிக்கும் என்ன தொடர்பு? நாக்தலாவில் இறங்க வேண்டியவர் ஒரு கவிதைத் தொகுப்பின் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. ஒரே தடத்தில் நேதாஜி, நேதாஜி பவன், போதாக்குறைக்குக் 'கவி சுபாஷ்'. கடைசியில் சொல்லப்பட்டவர் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாய். வெளியூர்க்காரர் மூன்றையும் ஒருவரின் பெயராக எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. எந்த நிலையத்தில் இறங்குவது என்பதைச் சொல்வதே பலகையின் முதல் வேலை. அதில் இவை தோற்றுவிட்டன. கௌரவிக்கப்பட்டவருக்கும் லாபமில்லை, குழப்பத்தில் பங்குதான் மிச்சம்.

டாலிகஞ்சும் டாலி என்ற ஆங்கிலேயர் பெயர்தானே, அதை ஏன் காக்க வேண்டும் என்பது வலுவான எதிர்வாதம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குத்காட்டுக்கும் நாக்தலாவுக்கும் அந்த வாதம் எட்டாது; அவை மண்ணின் பெயர்கள். ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 2024இல் திறந்த தடத்தில் ஹவுரா ஹவுராவாகவே இருக்கிறது. தெற்கிலும் ஊர்ப்பெயர் பெரிதாக முன்னே வரட்டும். தலைவர் பெயர் அடுத்த வரியில் இருக்கலாம்.