கையொப்பமும் பாவசங்கீர்த்தனமும்

ஸ்காட்லாந்து அரசி மேரியும் இங்கிலாந்து அரசி எலிசபெத்தும் வாழ்நாளில் ஒருமுறையேனும் நேரில் சந்தித்ததில்லை. ஆனால் ஜெர்மானியக் கவிஞர் ஷில்லர், 1800-இல் வைமர் நகரில் அரங்கேறிய ‘மரியா ஸ்டூவர்ட்’ நாடகத்தில் இருவரையும் ஒரு பூங்காவில் எதிரெதிரே நிறுத்தினார். இரக்கம் வேண்டி மண்டியிட்ட மேரி, எலிசபெத்தின் இழிசொல் கேட்டு வெகுண்டெழும் அக்காட்சியையே பலரும் போற்றுவர். எனினும் நாடகத்தின் உயிர்நிலை ஐந்தாம் அங்கத்தில்தான் உள்ளது என்பது நம் துணிபு.

வரலாறு கடுமையானது. 1568-இல் அடைக்கலம் நாடி இங்கிலாந்துக்கு வந்த மேரி, ஏறத்தாழ 19 ஆண்டுகள் காவலில் இருந்தார். 1570-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைத் திருச்சபையினின்று விலக்கி, குடிமக்களை அவருக்குக் கீழ்ப்படியும் கடமையினின்றும் விடுவித்தார். அதன்பின் கத்தோலிக்கர் ஒவ்வொருவரும் அரசத் துரோகியோ என ஐயுறப்பட்டனர். கத்தோலிக்கர் பலர் அடுத்த அரசியாக எதிர்நோக்கிய மேரி, 1587 பிப்ரவரி 8-ஆம் நாள் ஃபாதரிங்கே கோட்டையில் தலை வெட்டப்பட்டார்.

அவரை மறைசாட்சி என்று வாழ்த்த நம் உள்ளம் விழைவது இயல்பே. ஷில்லர் அவரை மனம் வருந்தும் பாவியாகவே காட்டுகிறார். மறைவாகக் குருப்பட்டம் பெற்று வந்த மெல்வில் முன் மேரி மண்டியிடுகிறார். தம் பகைமையையும், தகாத காதலையும், கணவர் டார்ன்லியின் கொலையில் தமக்குள்ள பங்கையும் அறிக்கையிடுகிறார். எலிசபெத்தைக் கொல்லும் சதிக்குத் தாம் உடன்பட்டதில்லை என்கிறார். ஆயினும் அநீதியான இச்சாவைப் பழைய பாவத்துக்குப் பரிகாரமாக ஏற்கிறார்.

எலிசபெத்தோ மரண ஆணையில் கையொப்பமிட்டு, அதை என்ன செய்வதென்று கூறாமலே செயலர் டேவிசனிடம் ஒப்படைக்கிறார். பின்னர் பழியையும் அவர்மேல் சுமத்துகிறார். வரலாற்றிலும் டேவிசன் சிறை சென்றவரே. முடிவில் கைதி அமைதியுடன் சாவை எதிர்கொள்கிறார். அரசி ஆலோசகரும் அன்பரும் அகன்றபின் தனித்து நிற்கிறார்.

நாடகத்தில் ஒரு குறை உண்டு. 1586-இல் பாபிங்டனுக்கு எழுதிய மடலில் மேரி அக்கொலைச் சதிக்கு இசைந்தார் என்றே வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கொள்வர். அப்பழியை ஷில்லர் துடைத்துவிட்டதால், மேரி இளமைக் குற்றத்துக்கு மட்டுமே வருந்த நேர்கிறது. தம் மறையின் பெயரால் நேற்றுச் செய்த குற்றத்தையும் அவர் சொல்ல நேர்ந்திருந்தால், அக்காட்சி நம்மை இன்னும் ஆழமாகத் தைத்திருக்கும்.

மேரியின் மகன் ஜேம்ஸ், 1612-இல் தாயின் உடலை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குக் கொணர்ந்தார். உயிரோடு சந்திக்காத இருவரும் இன்று ஒரே சிற்றாலயத்தின் இரு புறமும் துயில்கின்றனர். எதிர்த்தரப்பின் குற்றங்களை நாம் மனப்பாடமாய் அறிவோம். நம் தரப்பின் குற்றங்களை என்று அறிக்கையிடப் போகிறோம்?