பருவ விரிசல்: பித்தளைத் தோட்டாக்கூடும் ஒரு பாடநூல் கதையும்

பருவ விரிசல் என்பது, சுடப்படாமல் இருப்பில் கிடந்த பித்தளைத் தோட்டாக்கூடுகள் தாமாகவே கீறல் விட்டதைக் குறிக்கும் பழைய பெயர். பிரிட்டிஷ் படையின் இந்திய அனுபவத்திலிருந்து பிறந்தது. உலோக அரிப்பைப் பற்றிய பாடங்களில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் விதம் காரணத்தில் பாதியை மறைக்கிறது.

கதை

மழைக்காலத்தில் படை நடவடிக்கைகள் குறையும். அப்போது தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டன. மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்த்தால் பல கூடுகளில் விரிசல் இருந்தது. குறிப்பாக, கூட்டின் வாய் குண்டை இறுகப் பிடிக்கும் இடத்தில் அது காணப்பட்டது. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் இதற்கு விளக்கம் தந்தனர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், கூடு செய்யப்பட்டபோதே உலோகத்தில் தங்கிவிட்ட தகைவும் சேர்ந்து பித்தளையைப் பிளந்தன என்பதே அவ்விளக்கம்.

கதையைக் கேட்டவர் நினைவில் மழையும் குதிரையும் எளிதில் தங்கும். 'பித்தளைக்கு அம்மோனியா ஆகாது' என்ற ஒற்றை வரியாகக் கதை சுருங்கும்போது, தகைவு என்ற பாதி உதிர்ந்துபோகிறது.

கூடு உருவாகும் முறை

தோட்டாக்கூட்டுக்கான பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். வட்டமான தகடு முதலில் கிண்ணமாக அழுத்தப்படுகிறது. பின்பு அச்சின் வழியே பல முறை இழுக்கப்பட்டு நீண்ட குழலாகிறது. ஒவ்வோர் இழுப்பிலும் உலோகம் கடினமாகும். அதனால் இடையிடையே சூடாக்கி ஆறவிடுகிறார்கள். இறுதியில் கழுத்து குறுக்கப்பட்டு, குண்டு செருகப்படுகிறது.

கழுத்தைக் குறுக்கும்போது ஏறிய தகைவு, பிறகு சூடுபடுத்தித் தளர்த்தாவிட்டால் உள்ளேயே நிற்கும். வெளித்தோற்றத்தில் அது தெரியாது. சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால், கடினம் பெரிதும் குறையாமல் தகைவு மட்டும் தளர்கிறது.

ஆக, விரிசலுக்கு மூன்று தேவை. அம்மோனியாவும் ஈரமும் காற்றும் சேர்ந்த சூழல் ஒன்று. துத்தநாகம் மிகுந்த பித்தளை இரண்டு. உலோகத்தைப் பிரித்திழுக்கும் தகைவு மூன்று.

பெயரின் குறை

'பருவ விரிசல்' என்ற பெயர் இம்மூன்றில் முதலாவதை மட்டுமே சுட்டுகிறது. பழி பருவத்தின் மீது விழுந்தால், தீர்வும் இருப்பிடத்தை மாற்றுவதோடு நின்றுவிடும். லாயத்திலிருந்து எடுத்துவிட்டாலும் தகைவு கூட்டோடு போகும். உரக்கிடங்கிலும், அம்மோனியா கலந்த துப்புரவு நீர்மத்திலும் அதே விரிசல் காத்திருக்கும். மழையைத் தொழிற்சாலை கட்டுப்படுத்த முடியாது. தகைவை அதனால் தளர்த்த முடியும். இன்றைய பெயரான 'தகைவு அரிப்பு விரிசல்' இந்த வகையில் நேர்மையானது.

பழைய பெயரை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. ஈரம் இல்லாமல் இந்த அரிப்பு நடப்பதில்லை என்ற கண்காணிப்பு அதில் பதிந்திருக்கிறது. காரணம் புரிவதற்கு முன்பு பார்த்ததைப் பார்த்தபடி குறித்தவர்கள் வைத்த பெயர் அது. குறை, காரணம் தெரிந்த பின்னும் கதையை அதே இடத்தில் நிறுத்திவிடுவதில்தான்.

ஜெயங்கொண்டம் மாணவர் இதைத் தெரிந்துகொள்ள லாயம் தேட வேண்டியதில்லை. அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம். அதை அடுத்து நாச்சியார்கோவில். அங்கே குத்துவிளக்கை வார்த்துக் கடைகிறார்கள். தகட்டை இழுத்து நீட்டுவதால் ஏறும் தகைவு அதில் இல்லை. அச்சில் அழுத்திச் செய்த மெல்லிய பித்தளைப் பாத்திரத்தின் நிலை வேறு. மாட்டுத் தொழுவத்தில் இரண்டையும் வைத்தால் சூழல் ஒன்றே, ஆபத்து ஒன்றல்ல. செய்முறை பிரித்துக் காட்டும் வேறுபாடு அது.

கைத்தோட்டாவில் அதே பாடம்

துல்லியச் சுடுதலுக்காகத் தோட்டாவைக் கையால் மறுபடி நிரப்புவோர் உலகெங்கும் இப்பாடத்தைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். சுட்டபோது விரிந்த கூடு அச்சில் மீண்டும் ஒடுக்கப்படுகிறது. நீண்டுவிட்ட கழுத்து அளவுக்கு வெட்டப்படுகிறது. இந்தச் சுற்று தொடரத் தொடரக் கழுத்து கடினமாகும். அப்போது ஒவ்வொரு கூடும் குண்டை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும், துல்லியம் கெடும், கடைசியில் கழுத்து பிளக்கும். அதனால் கழுத்தை மட்டும் சூடாக்கி மென்மையாக்குகிறார்கள். அடிப்பகுதி வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதால் அதில் சூடு ஏறவிடுவதில்லை. அம்மோனியா கலந்த மெருகுப் பொருளையும் தவிர்க்கிறார்கள்.

இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டது. தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரங்களும்கூட அச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. எனவே இங்கு இது பெரும்பாலோருக்குச் செய்து பார்க்கும் பாடமல்ல, படித்து அறியும் பாடம்.

மதிப்பீடு

குதிரை லாயக் கதை நல்ல கதை. அதை விட்டுவிட வேண்டியதில்லை. கதை முடிந்ததும் ஆசிரியர் ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: அதே லாயத்தில், தகைவு தளர்த்திய கூடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கு விடை சொல்ல முடிந்த மாணவர் அம்மோனியாவை மட்டுமல்ல, பித்தளையையும் புரிந்துகொண்டவர்.