மறுபக்கத்தில் பாடியவர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடிக்கப்பட்ட வீடுகளின் நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குச்சட்டி, பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்து சேர்ந்த தகர டப்பா எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு கடையில் இசைத்தட்டுக் கட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தட்டின் லேபிளில் பாட்டின் முதலடி தெளிவாக இருந்தது. பாடியவரின் பெயர் இருந்த இடம் ஈரம் பட்டு உரிந்துபோயிருந்தது. 'குமாரி' என்பது மட்டும் மிச்சம்.

"டீச்சர், அது ஒரு பக்கந்தான் ஓடும். மறுபக்கம் கீறல். ஆனா சுவத்துல மாட்டுனா அம்சமா இருக்கும். ஓட்டல்காரங்க வாங்கிட்டுப் போறாங்க" என்றார் கடைக்காரர்.

வாங்கி வந்தேன். யார் அந்தக் குமாரி என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. பாட்டின் பெயர் தப்பிவிட்டது, பாடியவள் உரிந்துவிட்டாள். லேபிளில் எது நிலைக்கிறது, எது உதிர்கிறது என்பது ஈரத்தின் தற்செயல் மட்டும்தானா என்ற கேள்வி அன்று பிடித்துக்கொண்டது.

அந்தக் கேள்வியோடு நான் போய் நின்றது, கொஞ்சம் விநோதமாக, 1960களின் அமெரிக்க சோல் இசையில். கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்து பிறந்த இசை அது. ஒரு தட்டின் எந்தப் பக்கத்தில் எந்தப் பாட்டு, யார் எழுதியது, யார் பெயரில் எழுதியது, தலைப்பு எங்கிருந்து வந்தது என்ற விவரங்களை அந்த இசையின் ரசிகர்கள் ஒரு சாத்திரம் போலச் சேகரித்து வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அந்தப் பழக்கம் குறைவு.

முதலில் தட்டைப் பற்றி. நம் வீடுகளில் இருந்த பழைய தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே கொள்ளும். அமெரிக்காவில் 1949இல் 45 சுழற்சித் தட்டு வந்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. விற்கும் என்று கம்பெனி நம்பும் பாட்டு முதல் பக்கத்தில் போகும். வானொலிக்காரர்களிடம் அதைத்தான் ஒலிபரப்பச் சொல்வார்கள். மறுபக்கத்தை வெறுமனே விட முடியாது என்பதற்காக இன்னொரு பாட்டு. எப்போதாவது அந்த இரண்டாவது பாட்டும் பிய்த்துக்கொண்டு ஓடும். அதற்குத்தான் இருபக்க வெற்றித்தட்டு என்று பெயர்.

அரீத்தா ஃபிராங்க்ளின் 1968இல் வெளியிட்ட தட்டு ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் பிரிந்து போனவனைக் கூப்பிடும் துள்ளல் பாட்டு. மறுபக்கத்தில் 'ஏன்ட் நோ வே'. இரண்டுமே அமெரிக்காவின் முதல் இருபது பாடல்களுக்குள் வந்தன. மறுபக்கப் பாட்டை எழுதியவர் அரீத்தாவின் தங்கை கரோலின் ஃபிராங்க்ளின். நேசிக்க விடாமல் தன்னைப் பூட்டி வைத்திருக்கும் ஓர் ஆணிடம், நீ விடாவிட்டால் நான் எப்படி நேசிப்பது என்று கேட்கிற பாட்டு. அரீத்தாவின் குரலுக்கு மேலே, சொல் எதுவும் இல்லாமல், உச்சத்தில் ஒரு பெண் குரல் நெளிந்து போகும். அது சிஸ்ஸி ஹூஸ்டன். எழுதியவள் தங்கை, பாடியவள் அக்கா, பின்னால் நின்றவள் தோழி. மூன்று பெண்கள் ஒரு தட்டின் பின்பக்கத்தில்.

இதே கரோலின் 'ரெஸ்பெக்ட்' பாட்டிலும் பின்குரலாக இருக்கிறார். அந்தப் பாட்டின் கதை பலருக்குத் தெரியும். ஓட்டிஸ் ரெட்டிங் 1965இல் எழுதிப் பாடியது. உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆண், சம்பாதித்துக் கொடுக்கிறேன், வீட்டில் மரியாதை கொடு என்று மனைவியிடம் கேட்பது. 1967இல் அரீத்தா அதை எடுத்துப் பாடியபோது தலைப்பில் ஓர் எழுத்து மாறவில்லை. கேட்பவர் மட்டும் மாறினார். தலைப்பின் எழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரித்துக் கேட்கும் அந்தப் பகுதி ரெட்டிங்கின் பாட்டில் கிடையாது. அக்காவும் தங்கையும் சேர்த்தது. உலகம் இன்று நினைவில் வைத்திருப்பது அந்தப் பகுதியைத்தான். அதே ஆண்டு மான்ட்ரே இசைவிழா மேடையில், ஒரு பெண் என்னிடமிருந்து பறித்துக்கொண்ட பாட்டு இது என்று ரெட்டிங் வேடிக்கையாகச் சொன்னார்.

பறித்துக்கொண்டாள் என்பது வேடிக்கைக்குச் சரி. கணக்கில் அப்படி இல்லை. அமெரிக்காவின் வழக்கமான வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் பணம் போகும், பாடியவருக்குப் போகாது. எனவே பெண்களின் கீதம் என்று கொண்டாடப்பட்டு அந்தப் பாட்டு வானொலியில் ஒலித்த ஒவ்வொரு முறையும் வருமானம் ரெட்டிங் தரப்புக்கே சென்றது. இந்தியாவிலும் நிகழ்த்துகிறவர்களுக்கு ராயல்டி உரிமை 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தத்தில்தான் தெளிவாக எழுதப்பட்டது. மகளிர் தின மேடைகளில் 'ரெஸ்பெக்ட்' பாட்டை ஒலிக்கவிடும் நாம் இதையும் ஒரு வரி சொல்லலாம்.

ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்தவர் எட்டா ஜேம்ஸ். அவருடைய இயற்பெயர் ஜேம்ஸெட்டா ஹாக்கின்ஸ். ஜானி ஓட்டிஸ் என்ற இசைக்குழுத் தலைவர் அந்தப் பெயரை இரண்டாக உடைத்து, முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் வைத்து எட்டா ஜேம்ஸ் ஆக்கினார். 1967இல் அலபாமா மாநிலத்தின் மஸில் ஷோல்ஸ் ஊரில் அவர் பதிவு செய்த தட்டின் முதல் பக்கம் 'டெல் மாமா'. இது கிளாரன்ஸ் கார்ட்டர் என்ற பாடகர் 'டெல் டாடி' என்று பாடிய பாட்டு. அப்பாவை எடுத்துவிட்டு அம்மாவைப் போட்டார்கள், பெண் பாட்டு தயார். உனக்கு என்ன வேண்டும், அம்மாவிடம் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆணைத் தேற்றும் பாட்டு. எல்லோருக்கும் மடியாக இருக்கும் அந்தத் தாய் வேடம் தனக்குப் பிடிக்கவில்லை என்று எட்டா பின்னாளில் சொன்னார். தட்டு நன்றாக விற்றது.

திருப்பிப் போட்டால் 'ஐட் ராதர் கோ பிளைண்ட்'. காதலன் வேறொருத்தியோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, இதைக் காண்பதைவிடக் கண்ணில்லாமல் போகலாம் என்று சொல்கிற பாட்டு. இரண்டே இரண்டு ஸ்வரக்கட்டுகள் மாறி மாறி வருகின்றன, வேறு எதுவும் இல்லை. அந்தச் சிக்கனத்தின் மேல் அந்தக் குரல். எட்டா பாடிய பாட்டுகளில் இன்று முதலில் நினைவுக்கு வருபவற்றில் இதுவும் ஒன்று. எத்தனையோ பேர் திரும்பப் பாடிவிட்டார்கள்.

1995இல் வந்த தன்வரலாற்றில் எட்டா இந்தப் பாட்டின் பிறப்பைச் சொல்கிறார். எலிங்டன் ஜோர்டன் என்ற நண்பரைச் சிறையில் பார்க்கப் போனபோது அவர் பாட்டின் கருவைச் சொன்னார். தானும் சேர்ந்து அதை முடித்ததாகச் சொல்கிறார் எட்டா. ஆனால் லேபிளில் எட்டா இல்லை. வரிச் சிக்கலுக்காகத் தன் பங்கை அப்போதைய துணைவர் பில்லி ஃபாஸ்டரின் பெயரில் போட்டதாக எழுதுகிறார். உறவு முடிந்தது, பெயர் முடியவில்லை. பாட்டு விற்கும் காலமெல்லாம் அந்தப் பெயர் லேபிளில் இருந்தது.

வரிக்காக, கணக்குக்காக, குடும்ப கௌரவத்துக்காக, 'சும்மா பேருக்குத்தானே' என்பதற்காகத் தம் உழைப்பை ஆண் பெயரில் எழுதிக்கொடுத்த பெண்களை நம் ஊர்களில் தேட வேண்டியதில்லை. பத்திரப்பதிவு அலுவலக வாசலில் அரைநாள் நின்றால் போதும்.

பெயரை மறைப்பதற்கு இங்கே திரைப்படம் ஒரு நுட்பமான வழியைக் கண்டுபிடித்தது. இந்தியாவின் தொடக்ககால இசைத்தட்டுகளில் நிலைமை வேறாக இருந்தது. 1902இல் கல்கத்தாவில் பதிவு செய்த கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தன் பெயரைத் தானே சொல்வார். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் தட்டு அச்சிடுகிறவர்கள் லேபிள் எழுத அது தேவைப்பட்டது. தென்னாட்டில் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று ஊர்ப்பெயரோடு வந்தார்கள். இவர்கள் இசைவேளாளர், தேவதாசி மரபுப் பெண்கள். வீட்டுப் பெண்கள் பாடத் தயங்கிய காலத்தில் இயந்திரத்தின் முன் நின்று, பெயரையும் ஊரையும் மறைக்காமல் பாடியவர்கள்.

பிறகு பின்னணிக் குரல் வந்தது. அந்தக் கதையில் எங்கள் ஊருக்குப் பங்கு உண்டு. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்குப் போனவர். 1945இல் வந்த அவருடைய 'ஸ்ரீவள்ளி' படத்தில் வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி. அவருடைய பாட்டுக் குரல் மெய்யப்பனுக்குத் திருப்தி தரவில்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, அந்தக் குரலை ருக்மிணியின் உதட்டசைவுக்குப் பொருத்தினார். தொழில்நுட்பமாகப் பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண் தன் குரலை எடுத்துவிட்டு இன்னொருத்தியின் குரலைத் தன் வாயில் பார்க்கும் அந்தக் கணத்தைச் சினிமா வரலாறுகள் 'முன்னோடி முயற்சி' என்று மட்டும் எழுதிவிட்டுக் கடக்கின்றன. ருக்மிணியின் பாட்டு என்ன ஆனது? அது பின்பக்கம்கூட இல்லாத தட்டு.

தேவகோட்டை ரஸ்தாவில் மெய்யப்பன் அமைத்த ஸ்டுடியோவில் 'நாம் இருவர்' எடுக்கப்பட்டு 1947இல் வந்தது. பாரதி பாடல்களுக்குக் குமாரி கமலா ஆடினார், டி.கே. பட்டம்மாள் பாடினார். பட்டம்மாள் சினிமாவில் தேசபக்திப் பாட்டும் பக்திப் பாட்டும் மட்டுமே பாடுவேன், காதல் பாட்டு கூடாது என்று வரையறை வைத்திருந்தவர். பிராமணக் குடும்பத்துப் பெண் மேடையில் பாடுவதே துணிச்சலாக இருந்த காலம் அது. குரலை மட்டும் கொடுத்து உடலை மறைத்துக்கொள்ள வழி கிடைத்ததால்தான் அந்தக் குரல் திரைக்குள் வந்தது. பின்னணி பாடுவதைப் பெண்ணின் பெயரை அழிக்கும் சூழ்ச்சி என்று மட்டும் சொன்னால் இந்த இடத்தில் தடுக்கும். பட்டம்மாளுக்கு அது ஒரு வாசல். சேலம் கோதாவரிக்குத் தேவைப்படாத வாசல், தேவைப்படாத திரை. எந்தப் பெண்ணின் குரலுக்கு எந்த விலை என்பதைச் சாதியைத் தள்ளிவைத்துவிட்டு நம்மால் பேச முடியாது.

இந்தியில் 1949இல் வந்த 'மகல்' படத்தின் தட்டில் இது உச்சத்துக்குப் போனது. லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டுக்கு லேபிளில் 'காமினி' என்று அச்சிட்டார்கள். காமினி, மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர். பாடியவள் யார் என்று வானொலி நேயர்கள் கேட்டுக் கேட்டுத்தான் லதாவின் பெயர் வெளியே வந்தது. இல்லாத ஒருத்திக்குப் பெயர் இருந்தது.

இனி தலைப்பு. தமிழ்ப் பாட்டுக்குத் தனித்தலைப்பு கிடையாது, முதலடிதான் பெயர். அந்த அடியைப் பிய்த்துப் படத்துக்குப் பெயராக வைப்பது இப்போது வழக்கம். 1970இல் 'சொர்க்கம்' படத்தில் பணம் வந்த மகிழ்ச்சியில் நாயகன் பாடும் பாட்டின் முதலடி, 2020இல் ஜோதிகா வழக்கறிஞராக நடித்த 'பொன்மகள் வந்தாள்' ஆனது. ஆண் வரவேற்ற செல்வமகள், நீதிமன்றத்துக்கு வந்து நிற்கும் மகளாக மாறினாள். படத்தைப் பற்றி எனக்குப் புகார்கள் உண்டு. தலைப்பின் இந்த இடமாற்றம் மட்டும் பிடித்தது.

தலைப்பு ஆளை விழுங்குவதும் நமக்குப் புதிதல்ல. குறுந்தொகை 41ஆம் பாட்டை எழுதியவருக்கு அணிலாடு முன்றிலார் என்று பெயர். பாட்டில் வரும் தொடரே புலவருக்குப் பெயராகிவிட்டது. காதலன் பிரிந்தால், மனிதர் நீங்கி அணில் விளையாடும் வீட்டு முன்றில் போலத் தனித்துப் போவேன் என்கிறாள் தலைவி. முகப்பு பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளைக் கடந்து வகுப்புக்குப் போகிறவளுக்கு இந்தப் பாட்டுக்கு உரை தேவையில்லை. எழுதியவர் ஆணா பெண்ணா என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனால் வகுப்பில் "அவர் எப்போது வாழ்ந்தார்?" என்று கேட்கும் மாணவியின் மனத்தில் தாடி வைத்த ஒருவர்தான் நிற்கிறார். நானும் பல ஆண்டுகள் அந்தத் தாடியை வைத்தே நடத்தினேன்.

சென்ற பருவத்தில் மாணவிகளைத் தாலாட்டுச் சேகரிக்க அனுப்பினேன். படிவத்தில் 'பாடலின் பெயர்', 'ஆசிரியர்' என்று இரண்டு கட்டங்கள். அச்சடித்தவள் நான்தான். ஒரு மாணவி தன் அப்பத்தாவிடம் பாட்டுக்கு என்ன பேர் என்று கேட்டிருக்கிறாள். "பாட்டுக்கு ஏதுடி பேரு? உங்கப்பன் பேரப் போட்டுப் பாடுனேன், அப்புறம் ஒம் பேரப் போட்டுப் பாடுனேன்" என்றாராம். பாட்டில் குழந்தையின் பெயர் இருந்தது, சீர் கொண்டுவரும் மாமன்மார் இருந்தார்கள், வெள்ளிச் சங்கும் தங்கத் தொட்டிலும் இருந்தன. பாடுகிறவள் இல்லை. மாணவி ஆசிரியர் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதி வந்தாள். நான் அதை அடித்துவிட்டு அப்பத்தாவின் பெயரைக் கேட்டு எழுதச் சொன்னேன்.

மறுநாள் திரும்பி வந்தாள். அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லையாம். பாதிதான் தன்னுடையது, மீதி தன் ஆத்தா பாடியது என்றாராம். "எழுதுறதுன்னா ரெண்டு பேரையும் எழுது, இல்லாட்டி விட்டுரு."

கட்டம் சிறியது. இரண்டு பெயர்களும் விளிம்பு தாண்டிப் போயிருக்கின்றன.