சத்தம் திறனாகாது: கார்வெட்டின் சைடு பைப்புகள்

அறுபதுகளின் கார்வெட் ஒன்றைப் புதுப்பிக்க எடுப்பவர்கள் இப்போது முதலில் தேடுவது பக்கவாட்டுப் புகைக்குழாய்களைத்தான். ஆலையை விட்டு வந்த நாளில் புகையைப் பின்பக்கம் விட்ட கார்களுக்கும் கதவுக்குக் கீழே சைடு பைப் ஏறிவிடுகிறது. பார்க்க அழகாக இருக்கிறது, அதனால் மாட்டினேன் என்று ஒருவர் சொன்னால் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அப்படிச் சொல்லி நிறுத்துபவர்கள் குறைவு. குழாயின் நீளம் குறைகிறது, புகை சட்டென்று வெளியேறுகிறது, எஞ்சினுக்கு அடைப்பில்லை, ஆகவே குதிரைத்திறன் கூடுகிறது என்பதே எங்கும் கேட்கிற நியாயம். விற்பவர் சொல்வதை வாங்குபவர் திருப்பிச் சொல்கிறார். எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களே இதற்கு வக்காலத்து வாங்குவதுதான் எனக்கு வருத்தம். நியாயம் முழுக்கத் தவறு. அதிலும் மோசமாக, வேறொரு பாகத்துக்குச் சேரவேண்டிய பெருமையை இந்தக் குழாய்க்குச் சூட்டுகிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பந்தயக் காருக்குச் சைடு பைப் சரியான தீர்வு. 1963-இல் ஐந்தே ஐந்து செய்யப்பட்ட கார்வெட் கிராண்ட் ஸ்போர்ட், ஷெல்பியின் டேடோனா கூபே, 427 கோப்ரா, இவற்றில் எல்லாம் அது வந்ததற்குக் காரணம் இருந்தது. பந்தயத்தில் ஒலியடக்கி தேவையில்லை. தரையோடு தாழ்ந்த வண்டியின் அடியில் குழாய் ஓட இடமில்லை. கதவுக்குக் கீழே முடித்துவிட்டால் எடை மிச்சம், அடித்தளத்தில் சூடும் குறைவு. இறங்கும்போது கெண்டைக்கால் பட்டுச் சுட்டுக்கொண்ட தழும்போடு திரியும் கோப்ராக்காரர்கள் உண்டு. என் வழக்கு அதைப் பற்றியதும் அல்ல.

வழக்கு, சாலைக் காரைப் பற்றியது. ஷெவர்லே நிறுவனம் N14 என்ற குறியீட்டில் பக்கவாட்டுக் குழாயை 1965 முதல் 1967 வரையிலும், பிறகு 1969-இலும் கூடுதல் விலைக்குக் கொடுத்தது. அந்த முதல் மூன்று ஆண்டுகளின் குழாயைக் கழற்றி, மேலே உள்ள வரிவரியான அலுமினிய மூடியை அகற்றிவிட்டுப் பாருங்கள். ஒலியடக்கி என்று தனிப் பெட்டி கிடையாது. குழாயையே இடைவிட்டு இடைவிட்டு நசுக்கி உள்ளே சிறு அறைகளாக்கியிருக்கிறார்கள். சத்தத்தைத் தணிக்கும் வேலை முழுவதும் அந்த அறைகளின் தலையில். முன்பக்கமோ அதே வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. புகை அதிலிருந்து கீழே இறங்கி, வெளிப்பக்கம் திரும்பி, மறுபடி பின்னோக்கித் திரும்ப வேண்டும். நேர்க்குழாய் இரண்டு மீட்டர் கூடுதலாக ஓடினாலும், உள்விட்டம் போதுமானதாக இருந்தால் உராய்வால் வரும் இழப்பு சொற்பம். இழப்பு நேர்வது வளைவிலும் நெரிசலிலும். நீளத்தைக் குறைத்துவிட்டு வளைவையும் நெரிசலையும் கூட்டிக்கொண்ட ஏற்பாட்டை அடைப்பில்லாதது என்று எப்படிச் சொல்வது?

இந்த நெரிசல் தற்செயலாக வந்ததல்ல. சத்தத்தை அடக்க வேண்டுமானால் புகை விரிந்து அடங்குவதற்குக் கன அளவு வேண்டும். காரின் பின்புறத்தில் இரண்டு பெரிய ஒலியடக்கிகளுக்கு இடமுண்டு. கதவுக்குக் கீழே உள்ள ஒல்லியான பள்ளத்தில் கிடையாது. அங்கே குழாயை வைத்த பிறகு இரண்டே வழி: ஊரைக் கூட்டுவது, அல்லது குழாயை நெரிப்பது. N14 கொஞ்சம் அதையும் செய்தது, கொஞ்சம் இதையும் செய்தது. பின்னாளில் கடைகளில் வந்த தடித்த சைடு பைப்புகளிலும் இதே கதைதான். வெளியே 4 அங்குலக் குழாய் மின்னும். உள்ளே செருகியிருக்கும் ஒலியடக்கியின் வழி அதைவிட எவ்வளவோ குறுகலாக இருக்கும். எஞ்சின் அறிவது உள்விட்டத்தை மட்டும்தான்.

‘சைடு பைப் போட்ட பிறகு என் வண்டி பறக்கிறது’ என்று சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. அவர்களில் பெரும்பாலோர் சைடு பைப்போடு சேர்த்து, சிலிண்டருக்கு ஒரு குழாய் வீதம் நான்கும் ஒன்றில் கூடுகிற ஹெட்டரையும் மாட்டியவர்கள். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைத் தூக்கிவிட்டு ஹெட்டர் வைத்தால் திறன் கூடத்தான் செய்யும். வெளியேற்று வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் இன்னும் சில மடங்கு வளிமண்டல அளவில் இருக்கிறது. அது அலையாகக் குழாயில் பாய்கிறது. சூடான புகையில் ஒலி வினாடிக்கு 500 மீட்டருக்கு மேல் ஓடும். அலை, குழாய்கள் கூடுமிடத்தைத் தொட்டதும் உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லாப் நேரத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்துப் போட்டுவிட்டுப் புதுக் கலவையையும் உள்ளே இழுக்கிறது. இந்த வித்தை எந்த வேகத்தில் பலிக்கும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பவை ஹெட்டர் குழாய்களின் நீளமும் விட்டமும். அதற்கப்பால் புகை கதவோரம் போகிறதா, வண்டிக்கு அடியில் போகிறதா என்பதல்ல. இரண்டு பாகங்களை ஒரே நாளில் மாற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற பாகத்துக்கு மாலை போடுகிறார்கள்.

இதுவரை சொன்னவை சிறு குறைகள். நல்ல உள்விட்டமும் நல்ல ஒலியடக்கியும் கிடைத்தால் இவற்றைச் சரிக்கட்டிவிடலாம். நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறை வேறு. அதைச் சரிக்கட்ட வழியில்லை. சைடு பைப், V8 எஞ்சினின் இரண்டு வரிசைகளையும் ஒன்றையொன்று காணவிடாமல் பிரித்துவிடுகிறது.

ஷெவர்லே V8-இல் ஒற்றைப்படை எண் சிலிண்டர்கள் இடது வரிசை, இரட்டைப்படை எண்கள் வலது வரிசை. எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. கிராங்க் 90 பாகை சுழலும் ஒவ்வொரு முறையும் ஒரு சிலிண்டர் எரிகிறது. மொத்த எஞ்சினாகப் பார்த்தால் இதைவிடச் சீரான தாளம் வேண்டியதில்லை. இடது வரிசையை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். 1 எரிந்தபின் 270 பாகை கழித்து 3, பிறகு 180 கழித்து 5, பிறகு 90-இலேயே 7, மறுபடி 180 கழித்து 1. ஒருமுறை நீண்ட மௌனம், ஒருமுறை முண்டியடிப்பு. 5-ஆம் சிலிண்டர் தன் புகையை இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்திலேயே உள்ள 7-ஆம் சிலிண்டரின் வால்வு திறந்து அதே குழாயில் அழுத்தத்தை ஏற்றுகிறது. 5-க்கு வழி அடைபடுகிறது. எரியாத மிச்சமும் எரிந்த புகையும் உள்ளேயே தங்கி, அடுத்த சுற்றின் புதுக் கலவைக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வலது வரிசையில் 8-உம் 4-உம் இதே பாட்டைப் படுகின்றன.

இதே நேரத்தில் எதிர் வரிசையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம் 5-உம் 7-உம் முட்டிக்கொள்ளும்போது, வலப்பக்கம் 6 எரிந்து முடிந்து 2 எரியும் வரை 270 பாகைக்குப் புது வரவே இல்லை. வலப்பக்கம் 8-உம் 4-உம் நெருக்கும்போது இடப்பக்கம் 1-க்கும் 3-க்கும் நடுவில் அதே நீண்ட இடைவெளி. ஒருபக்கம் நெரிசல் ஏற்படும் கணத்தில்தான் மறுபக்கக் குழாய் சும்மா கிடக்கிறது. இரண்டு குழாய்களுக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாய் வைத்தால், நெரிசல்பட்ட பக்கத்தின் அழுத்தம் சும்மா கிடக்கும் பக்கத்துக்குள் விரியும். H வடிவ இணைப்பும் X வடிவ இணைப்பும் செய்வது இதைத்தான். உச்ச வேகத்தில் கிடைப்பதைவிட, சாலையில் அன்றாடம் ஓட்டும் நடுத்தர வேகங்களில், இழுவையில், இதன் பலன் தெரியும். 1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறைக் கார்வெட்டின் அடியில் அந்த H இணைப்பு ஆலையிலிருந்தே வந்தது.

அறுபதுகளின் சாதாரணக் கார்வெட்டில் குறுக்குக் குழாய் இல்லையே என்று கேட்பார்கள். இல்லைதான். ஆனால் அடியில் ஓடும் குழாய்களுக்கு நடுவே அதைப் பற்றவைத்துக்கொள்ள ஒரு நாள் வேலை போதும். முன்சக்கரத்துக்குப் பின்னாலேயே ஒரு குழாய் இடக் கதவுக்கும் மற்றது வலக் கதவுக்கும் ஓடிவிட்டால், நடுவில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சட்டகமும். சைடு பைப்பைத் தேர்ந்தெடுத்தவர் இந்த வாய்ப்பைக் கையோடு விற்றுவிட்டார். திறனுக்காகத்தான் மாட்டினேன் என்று அவர் சொல்வதை நான் எப்படி ஏற்பது?

அதே காலத்தில் திறனை உண்மையிலேயே தேடியவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு ஃபோர்டு GT40 சாட்சி. எஞ்சின் நடுவில் இருந்த அந்தக் காரின் பின்புறத்தில் வெள்ளைக் குழாய்கள் பாம்புகளாகப் பின்னிக்கிடக்கும். அலங்காரத்துக்காக அல்ல. இந்த வரிசையில் இரண்டு, அந்த வரிசையில் இரண்டு என்று குழாய்களைக் கடத்திக் கொண்டுபோய், ஒவ்வொரு கூடுமிடத்துக்கும் 180 பாகைக்கு ஒருமுறை சீராகப் புகை வரும்படி செய்தார்கள். செய்வதும் கடினம், பழுதுபார்ப்பது அதைவிடக் கடினம். இருந்தும் செய்தார்கள். 1966 முதல் 1969 வரை நான்கு ஆண்டுகளும் லெ மான் வெற்றி GT40-க்கே போனது. அத்தனை வெற்றியும் குழாயால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு வரிசைகளையும் சேர்த்துவைப்பதற்கு அவர்கள் எவ்வளவு சிரமப்பட்டார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். சைடு பைப் அதே இரண்டையும் சிரமமின்றிப் பிரித்துவைக்கிறது.

தொழிற்சாலை விவர ஏட்டைக் காட்டி வாதிடுபவர்களும் உண்டு. 1967-இன் மூன்று கார்புரேட்டர் 427 எஞ்சினுக்கு 435 குதிரைத்திறன். சைடு பைப் வாங்கினாலும் 435, வாங்காவிட்டாலும் 435. ஆகவே இழப்பில்லை என்கிறார்கள். அந்த எண்ணுக்குக் குழாயே தெரியாது. அன்றைய மொத்தத் திறன் அளவீடு, எஞ்சினை மட்டும் சோதனை மேடையில் ஏற்றி, காரின் புகைக்குழாயோ ஒலியடக்கியோ இல்லாமல் எடுக்கப்பட்டது. 1972 மாடல்களிலிருந்து நிகரத் திறனைச் சொல்லத் தொடங்கியதும் வேறுபாடு வெளிவந்தது: LT-1 எஞ்சின் 1971-இல் 330, அடுத்த ஆண்டு 255. எஞ்சின் அவ்வளவு நலியவில்லை. பெரும்பங்கு, அளந்த முறை மாறியதால் வந்தது. குழாயைக் கணக்கிலேயே எடுக்காத எண்ணைக் குழாய்க்குச் சாட்சியாக நிறுத்துவது நேர்மையல்ல.

குழாய் இடம்மாறியதன் விளைவு எண்ணாகப் பதிவான ஒரு சாலைக் கார் உண்டு: டாட்ஜ் வைப்பர். 1992-இல் அது வந்தபோது 8 லிட்டர் V10 எஞ்சின், பக்கவாட்டுக் குழாய்கள், 400 குதிரைத்திறன். 1996 மாடலின் நடுவில் குழாய்களைப் பின்பக்கம் கொண்டுபோனார்கள். திறன் 415 ஆனது, டார்க்கும் உயர்ந்தது; பின்னழுத்தம் குறைந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. V10-இல் ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து சிலிண்டர்கள் சீரான இடைவெளியில் எரிவதால், நான் மேலே சொன்ன முண்டியடிப்பு அங்கே இல்லை. அங்கே குறுக்கே நின்றது இடமின்மை ஒன்றுதான். அது ஒன்றே இவ்வளவு விழுங்கியது என்றால், இரண்டு குறைகளும் சேர்ந்த V8-இல் விழுங்காது என்று நம்ப என்ன ஆதாரம்? 2003-இல் சைடு பைப் திரும்பி வந்தபோது 500 குதிரைத்திறன் இருந்ததே என்று வாதிடுபவர்கள், எஞ்சின் 8.3 லிட்டராக வளர்ந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நம்பிக்கை தளராததற்குக் காரணம், காது. ஓட்டுபவரின் காதிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் வெடிக்கிறது குழாயின் வாய். முன்பைவிட இரைச்சல் கூடியதும் முன்பைவிட வேகம் கூடிவிட்டதாக உடம்பு நம்புகிறது. கண்ணும் இதற்குத் துணைபோகிறது. டூசன்பெர்க் SJ காரின் பக்கத்தில் வெளியே வளைந்து இறங்கிய குழாய்கள் முப்பதுகளிலேயே சூப்பர்சார்ஜரின் அடையாளமாயின. உடனே, சூப்பர்சார்ஜர் இல்லாத J கார்களுக்கும் அதே குழாய்களை மாட்டிக்கொண்டார்கள். திறனின் அடையாளத்தைத் திறனாகவே எண்ணும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது. கார்புரேட்டரின் ஜெட்டைக்கூட மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றி, கலவை நீர்த்துப்போய் எஞ்சின் இருமுவதையே வீரம் என்று கேட்டு மகிழ்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல எஞ்சினுக்கு அது இழைக்கப்படும் அநீதி.

சைடு பைப்பை ஆதரிப்பவர்கள் செய்துகாட்ட வேண்டிய சோதனை எளிது. ஒரே கார், ஒரே ஹெட்டர். ஒருமுறை சைடு பைப். ஒருமுறை அடியில் ஓடும் 2.5 அங்குலக் குழாய், நடுவில் H இணைப்பு, பின்னால் நல்ல ஒலியடக்கிகள். இரண்டு முறையும் கார்புரேட்டரை அந்தந்தக் குழாய்க்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். பிறகு டைனோவில் ஏற்றி, உச்சத்தை மட்டும் காட்டாமல் 2,000 முதல் 4,000 சுற்று வரையுள்ள டார்க் கோட்டை முழுதாகக் காட்ட வேண்டும். குதிரைத்திறன் கூடும் என்று சொல்லி சைடு பைப் விற்பவரிடம் முதலில் அந்தத் தாளைக் கேளுங்கள். பணத்தை அதற்குப் பிறகு எடுக்கலாம்.