போர்க்கள அறிக்கையின் நடை: மன்னார்க் களத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

படைத்தலைவர் தம் மேலோர்க்கு விடுக்கும் களச்செய்தியை இலக்கியமாகக் கொள்வார் சிலரே. ஆயினும் அதற்கும் ஒரு நடை உண்டு. நடை உள்ளவிடத்துத் திறனாய்வுக்கும் இடமுண்டு. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் படைமடல்களை அந்நாட்டுப் போர்த்துறையே 128 நூல்களாக அச்சிட்டது. அப்பணி 1901இல் முற்றுப்பெற்றது. வென்றார் மடலும் தோற்றார் மடலும் அங்கே ஒருங்கே கிடைக்கின்றன. ஒருவர் கூற்றை மற்றவர் கூற்றால் அளந்தறியப் படிப்போர்க்கு வழியுண்டு.

மன்னாரில் வாழும் எமக்கு இவ்வகை ஏடுகள் புதியனவல்ல. 2007 செப்டெம்பரில் சிலாவத்துறையும், 2008 ஏப்ரலில் மடுவும், மே 9இல் அடம்பனும், யூலை 16இல் விடத்தல்தீவும் படையினர் வசமான செய்திகளைப் பாதுகாப்பு அமைச்சு அவ்வப்போது வெளியிட்டது. நாள், திசை, தொலைவு, மாண்ட எதிரிகளின் தொகை, கிடைத்த ஆயுதம் என்பனவே அவற்றின் உறுப்புக்கள். சுருக்கம் அவற்றின் சிறப்பு என்பதை மறுப்பதற்கில்லை. எம் மாணவர் கட்டுரைகளுக்கு அதிற் பாதியேனும் வாய்த்தால் நன்று.

குறை வேறிடத்து உளது. புலிகள் வசமிருந்த நிலத்தை அரச ஆங்கிலம் 'அன்கிளியர்ட்' என்றது. அதனைத் தமிழில் 'விடுவிக்கப்படாத பகுதி' என்றனர். முன்னது துப்புரவாக்கப்படாதது என்னும் பொருளது. பின்னது சிறைப்பட்டது என்னும் பொருளது. இவ்விரண்டும் ஒன்றாகுமோ? 'விடுவிக்கப்பட்டது' என்னும் செயப்பாட்டுவினைக்கு ஊர் எழுவாயாக நிற்கிறது; ஊரார் இல்லை. அடம்பனைச் சூழ்ந்த வயல்நிலத்தை அவ்வறிக்கைகள் 'அரிசிக் கிண்ணம்' என்று வருணித்தன. வறண்ட நடையிற் பூத்த உருவகம் அது ஒன்றே எனலாம். கிண்ணம் கைப்பட்ட நாளை அறிகின்றோம். கட்டுக்கரைக் குளத்து நீரை வரம்பு வெட்டிப் பாய்ச்சியவன் அந்நாளில் எம்மருங்கு சென்றான் என்பதை யான் படித்த எவ்வறிக்கையினின்றும் அறிதற்கில்லை.

மறுபுறத்து அறிக்கைகளும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. தம்மவர் இறப்பின் 'வீரச்சாவு'. மாற்றார் இறப்பின் வெறுந்தொகை. மக்களை வெளியேற விடாது மறித்தமை அவற்றில் ஓரிடத்தும் பேசப்படவில்லை.

இவற்றோடு ஒப்பவைத்துப் படிக்கத்தக்க வேறோர் ஏடு மன்னாரிலிருந்தே எழுந்தது. 2011 ஜனவரியில், நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை அளித்த முறையீடு அது. கச்சேரிக் கணக்கின்படி 2008 ஒக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். போர் முடிவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேர்க்கு நேர்ந்தது யாதென அவர் வினவினார். முன்னைய எண் அரச அலுவலர் எழுதியது; பின்னையது ஐ.நா. அறிக்கையின் எண். செய்தது நாலாம் வகுப்பு மாணவன் செய்யும் கழித்தல். களச்செய்திகளில் யான் தேடிய எழுவாய் அம்முறையீட்டிலேதான் அகப்பட்டது. அத்தொகையை ஒவ்வாதாரும் உளர். அவர்தம் மறுப்பு, ஊர்வாரியாகவும் பெயர்வாரியாகவும் எழுதப்பெற்று, இருதரத்துப் படைமடல்களோடும் ஒரே தொகுப்பில் அச்சேறுதல் வேண்டும்.