புளியமரத்தின் கணக்கு: ஒரு வியாபாரியின் வாசிப்பு

நம் சங்க மலர்களில் ஆண்டுதோறும் ஒரு கட்டுரையாவது ‘எங்கள் ஊர் அன்றும் இன்றும்’ என்ற பொருளில் வந்துவிடும். ஏரி தூர்ந்தது, திண்ணை போனது, மாட்டுவண்டி போய் ஆட்டோ வந்தது என்று எழுதியவர் கலங்குவார். பெங்களூரில் இருந்துகொண்டு படிக்கிற நாமும் கலங்குவோம். நானும் அப்படி எழுதியவன்தான். ஆனால் இவ்வகை எழுத்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. அது என்னவென்று எனக்கு விளங்கவைத்தது சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’. நான் புலவர் பட்டம் பெற்றவன் அல்லேன். பாய், ஜமக்காளம் விற்கிற வியாபாரி. கடை சாத்திய பிறகு படித்த படிப்புத்தான் என்னுடையது. பிழை இருப்பின் அறிஞர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

1966-ல் நூலாக வந்த நாவல் இது. ஆசிரியர் (1931–2005) நாகர்கோவிலில் ஜவுளிக் கடை நடத்தியவர். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தவனுக்கு மட்டுமே தெரியக்கூடிய சங்கதிகள் இந்நாவலில் நிறைய உள்ளன. கதைக்களம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த அந்தத் தென்கோடிச் சீமை. நாற்சந்தியில் நிற்கும் ஒரு புளியமரம்தான் கதையின் நடுநாயகம். மகாராஜா காலத்தில் அந்த மரத்தைச் சுற்றிப் புளிக்குளம் என்று ஒரு குளம் இருந்தது. நாற்றம் தாங்காமல் அதைத் தூர்த்தார்கள். இந்தப் பழங்கதையை எல்லாம் தாமோதர ஆசான் என்ற பெரியவர் இளவட்டங்களுக்குச் சொல்லுகிறார். குளம் போய்ச் சாலை வருகிறது, சாலையோரம் கடைகள் வருகின்றன. காற்றாடி மரத் தோப்பை வெட்டிவிட்டு அங்கே பூங்கா அமைக்கிறார்கள். மரங்களை வெட்டிச் செடி வைப்பானேன் என்று அங்கே எழும் கேள்வி, படித்தவர் யாரும் மறக்க மாட்டார்கள்.

1980-களில் முதல் தடவை படித்தபோது நான் இதை நாகரிகத்துக்கு எதிரான நாவல் என்றே எடுத்துக்கொண்டேன். ‘பார்த்தாயா, நகரமயமாதல் மரத்தைக் கொன்றுவிட்டது’ என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். இப்போது அறுபதைத் தாண்டிய பின் மறுபடி படிக்கையில் அந்த வாசிப்பு எவ்வளவு மேம்போக்கானது என்று தெரிகிறது. நாவலில் ‘நாகரிகம்’ வந்து கோடரி எடுக்கவில்லை. மரத்தடியில் கடை வைத்திருக்கும் இருவருக்குள் போட்டி. அது நகராட்சித் தேர்தலில் போய் முட்டுகிறது. பத்திரிகைக்காரர் அதில் எண்ணெய் ஊற்றுகிறார். மரத்தை வெட்ட வேண்டும் என்று ஒரு கட்சி, காக்க வேண்டும் என்று ஒரு கட்சி. பக்தியும் வந்து கலந்துகொள்கிறது. கடைசியில் மரத்துக்கு நஞ்சு வைக்கப்படுகிறது. காக்க நினைத்தவர்கள் எல்லாருக்குமே மரத்தின் மேல் பிரியம் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு லாப நட்டம் இருக்கிறது.

ஆக, ஆசிரியர் ஒப்பாரி வைக்கவில்லை, கணக்கு எழுதுகிறார். யார் பெயரில் வரவு, யார் பெயரில் பற்று என்று பேரேட்டில் இருப்பதுபோலக் காட்டுகிறார். நம் மலர்க் கட்டுரைகளில் இல்லாதது இதுதான். ‘ஏரி தூர்ந்தது’ என்று எழுதுகிறோமே தவிர, தூர்த்தது யார், மனை வாங்கியது யார் என்று எழுதுவதில்லை. ஏதோ தானாகவே தூர்ந்துபோன மாதிரி.

இந்த இடத்தில் என் கணக்கையும் எழுதாவிட்டால் நான் சொல்லுவது வெறும் உபதேசமாகிவிடும்.

எனக்கு ஊர் வந்தவாசி. 1760-ல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்ற போர்க்களம் என்று பள்ளிப் பாடத்தில் வருகிற ஊர். ஆனால் சந்தையில் அதன் பெயர் கோரைப்பாயால்தான். சிறுவயதில் பொன்னூர் மலைக்குக் குந்தகுந்தர் திருவடியைச் சேவிக்கப் போகும்போது, தெருவில் சாயமேற்றிய கோரை சிவப்பும் பச்சையுமாகக் காய்ந்துகொண்டிருக்கும். கோரையைக் கிழித்து, காயவைத்து, ஊறவைத்து, தறியில் இருவர் உட்கார்ந்து நெய்வார்கள். நெய்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ‘பாய் நெய்யிற பாய்’ என்று நாங்கள் வேடிக்கை பேசுவோம். 1984-ல் நான் பெங்களூரில் கடை போட்டபோது முதல் சரக்கே அந்தப் பாய்தான். கல்யாணப் பாய்க்கு நம் ஜனங்கள் என்னைத் தேடி வருவார்கள்.

1990-களின் நடுவில் பிளாஸ்டிக் பாய் வந்தது. விலை குறைவு, கழுவலாம், பூச்சி அரிக்காது. பக்கத்துக் கடைக்காரர் இறக்கினார், நானும் இறக்கினேன். அதோடு நிறுத்தவில்லை. மூட்டை மூட்டையாக வந்தவாசிக்கே அனுப்பி, உறவினர் கடையில் வைத்து விற்கச் சொன்னேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது, எனக்குப் பல ஆண்டு பாய் நெய்து கொடுத்த பெரியவர் வாசலில் நிறுத்திக் கேட்டார்: “இன்னா நயினாரே, எங்க தெருவுக்கே பிளாஸ்டிக் வித்துட்டியா?” கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் “காலம் மாறிப்போச்சு பாய்” என்றேன். அன்று அந்தச் சொல் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. நாவலை மறுபடி படித்தபோதுதான் அது எத்தனை பெரிய ஒளிவிடம் என்று உறைத்தது. மாறியது காலம் மட்டுமல்ல; அதை மாற்றிய கைகளில் என் கையும் ஒன்று.

இதைச் சொல்லுவதால் வளர்ச்சியே கூடாது என்று சாதிக்க வரவில்லை. தறிக்குழியில் முதுகு வளைந்தவரிடம் போய்ப் பழமையின் பெருமை பேசினால் சிரிப்பார். அந்தப் பெரியவரின் பேத்தி இன்று செய்யாறு சிப்காட் பக்கம் காலணித் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறாள். மாதச் சம்பளம் அவள் கையில். அதையும் வரவுப் பக்கத்தில் எழுதத்தான் வேண்டும். வந்தவாசியில் பாய்த்தொழில் அடியோடு ஒழியவும் இல்லை. விசைத்தறி வந்திருக்கிறது, காவிரிக்கரைக் கோரை வந்து இறங்குகிறது. எங்கள் ஜைன நூல்கள் எந்தப் பொருளுக்கும் தோற்றம், கேடு, நிலைபேறு என்ற மூன்றும் ஒருங்கே உண்டு என்று சொல்லும். ஊருக்கும் அப்படித்தான். நாம் கேட்டை மட்டுமே எழுதுகிறோம்.

நாவலிலும் ஒரு குறை சொல்லத் துணிகிறேன். ஊரிலேயே இருப்பவர்களால் ஊர் மாறுவதை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன ஆசிரியர், ஊரை விட்டுப் போனவன் பக்கம் அதிகம் திரும்பவில்லை. போனவனும் ஊரை மாற்றுகிறான். இங்கே சம்பாதித்து அங்கே மனை வாங்குகிறான், விலையை ஏற்றுகிறான், பூர்வீக வீட்டை இடித்து வணிக வளாகம் கட்டுகிறான், பிறகு பொங்கலுக்குப் போய்த் திண்ணையைத் தேடுகிறான். அந்தக் கதையை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

அது மட்டுமல்ல. இந்த ஊரிலும் நமக்கு ஒரு கணக்கு உண்டு. நாவலில் குளம் தூர்ந்ததைப் படித்து வருந்தும் நாம், ஊரிலிருந்து வந்து இறங்கிய மெஜஸ்டிக் பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரி இருந்த இடம் என்பதை எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? கண்டீரவா விளையாட்டரங்கம் இருப்பது சம்பங்கி ஏரியில். இங்கேயே பிறந்து வளர்ந்த கன்னடப் பெரியவர் ஒருவர் ‘எங்கள் ஊர் அன்றும் இன்றும்’ என்று எழுதினால், அதில் நாமும் ஒரு வரியாக வருவோம். அதைப் படித்து நாம் கோபப்படக் கூடாது.

ஆகவே அன்பர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே. அடுத்த மலருக்கு ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள், எழுதுமுன் இந்நாவலை ஒருமுறை படியுங்கள். எது போனது என்று எழுதும்போது யாரால் போனது, அதில் நம் பங்கு என்ன என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். நான் தொடங்கி வைத்துவிட்டேன். அந்தப் பெரியவர் இன்று இல்லை. அவர் நெய்த பாய் ஒன்று என் வீட்டில் இருக்கிறது, ஓரம் பிரிந்துவிட்டது. விருந்தாளி வந்தால் விரிப்பதற்கு என் மருமகள் எடுப்பது என்னவோ பிளாஸ்டிக் பாயைத்தான்.