குப்பையும் ஓவியமாமோ?

ஓவியம் என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது யாது? தாமரைமேல் நிற்கும் ஒரு தேவி. மயில்மேல் அமர்ந்த ஒரு குமரன். அவ்வுருவங்களின் கீழே ஒரு மளிகைக் கடையின் பெயரும் பன்னிரண்டு மாதத் தாள்களும். தோட்டத்து லயமாயினும் பட்டணத்து மாடி வீடாயினும், சுவரை அலங்கரிப்பது பெரும்பாலும் இவ்வளவே. இவற்றை நாம் பார்ப்பதில்லை, கும்பிடுகிறோம். பார்த்தல் வேறு, கும்பிடுதல் வேறு. கும்பிடுகிறவன் கேள்வி கேட்பதில்லை. ஓவியமோ கேள்வி கேட்பவனை நாடி நிற்பது.

இவ்வழக்கம் மிகப் பழையதுமன்று. இரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் அமைத்துத் தெய்வப் படங்களை மலிவாக வெளியிட்டது முதல் அது விரைந்து பரவலாயிற்று. கோயிலுக்குள் நுழையத் தடுக்கப்பட்ட மக்களின் குடிசைக்குள்ளும் அப்படங்கள் நுழைந்தன. அது ஒரு நன்மையே, மறுப்பதற்கில்லை. ஆனால் படம் என்றாலே சாமிப் படம் என்னும் எண்ணமும் அவற்றோடு கூடவே நுழைந்தது. அவ்வெண்ணத்தை அசைக்க வல்ல ஒரு கலைஞரின் படைப்பை ஈண்டு ஆராய்வோம்.

நிர்மலா தத் சண்முகலிங்கம் 1941-இல் பினாங்கிற் பிறந்தவர், 2016-இல் மறைந்தவர். மலேசிய நவீன ஓவியத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் இவர் பெயரை விடுத்து எழுத இயலாது. ஆயினும் நம்மிடையே அப்பெயரை அறிந்தோர் சிலரே. பாடகர் பெயரும் நடிகர் பெயரும் நம் சிறுவர் நாவில் நடமாடுகின்றன. தூரிகை பிடித்தவர் பெயர் மட்டும் ஏனோ நடமாடுவதில்லை.

1973-இல் கோலாலம்பூர்த் தேசிய ஓவியக்கூடம், மனிதனும் அவன் உலகமும் என்னும் பொருள்பற்றி ஒரு போட்டிக் கண்காட்சி நடத்திற்று. அதில் முதன்மைப் பரிசைப் பகிர்ந்து பெற்றோருள் நிர்மலாவும் ஒருவர். அவர் அங்கு வைத்தது தென்னையும் கடலும் கலந்த இன்பக் காட்சியன்று. புகைப்படங்கள், செய்தித்தாள் துணுக்குகள், மாந்தர் கழித்தெறிந்த பொருள்கள் ஆகியவற்றைத் திரட்டிச் சூழலின் சீர்கேட்டைக் கண்முன் நிறுத்தினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'ஸ்டேட்மெண்ட்'. தமிழிற் கூறின், வாக்குமூலம். இப்பெயரிலேயே அவருடைய கலைக்கொள்கை முழுதும் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து. வாக்குமூலம் தருபவன் அழகாகப் பேசவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை; உண்மையைப் பேசவேண்டும் என்றே எதிர்பார்க்கின்றனர். கேட்பவனும் ரசித்துவிட்டு எழுந்து போக முடியாது. தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

"குப்பையைக் கொண்டுவந்து வைத்தால் அது ஓவியமாமோ? கைத்திறம் எங்கே?" என்று சிலர் கேட்கலாம். கேட்கத் தகுந்த கேள்வியே. தெருவிற் கிடக்கும் உடைந்த தகரம் வெறுங்குப்பை. அதையே ஒருவர் தேர்ந்தெடுத்து, அதனருகே ஒரு புகைப்படத்தையும் ஒரு செய்தியையும் நிறுத்தினால், அது வினாவாக மாறுகிறது. இதை எறிந்தவன் யார்? எறிந்ததால் ஆதாயம் அடைந்தவன் யார்? இதன் நடுவே வாழவேண்டியவன் யார்? தேர்ந்தெடுத்தலிலும் அடுத்தடுத்து வைத்தலிலும் உள்ள திறம், கோடு வரைவதிலுள்ள திறத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

குறியீடு என்பதைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லவேண்டும். தாமரை தூய்மைக்கு, புறா சமாதானத்துக்கு என்று முன்பே முத்திரை குத்தி வைத்த குறிகள் உண்டு. அவை நமக்காகத் தாமே சிந்தித்து முடித்துவிட்டவை. நமக்கு வேலை வைப்பதில்லை. தமிழிலக்கணம் கண்ட நெறி வேறு. அகப்பாட்டில் மரமும் மீனும் பறவையும் முதலில் அந்நிலத்துப் பொருள்களாகவே நிற்கும். அப்புறமே உட்பொருளை உணர்த்தும். அதற்கு உள்ளுறை என்று பெயர். அவ்வுள்ளுறைக்குக் கருப்பொருள்களில் தெய்வத்தை மட்டும் நீக்கி ஏனையவற்றையே களமாகக் கொள்ள வேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. இதனைச் சீர்திருத்தக்காரர் எவரும் புதிதாகப் புகுத்தவில்லை! வாழும் நிலத்துப் பொருளே வாழ்வின் பொருளை உணர்த்தும் என்று நம் முன்னோர் கண்டனர். நிர்மலாவின் தகரமும் தாளும் இந்த நெறியைச் சார்ந்தனவே. அவர் தொல்காப்பியம் கற்றாரா என்பது கேள்வியன்று. நாம் அதைக் கற்றும் மறந்தோமே என்பதுதான் கேள்வி.

அடுத்து, 1986-இல் அவர் தீட்டிய 'பிரெண்ட்ஸ் இன் நீட்' என்னும் படம். ஆபத்துக்கு உதவும் நண்பர்கள் என்பது அத்தலைப்பின் பொருள். அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்க விமானங்கள் லிபியாவின் திரிப்போலி, பெங்காசி நகரங்களில் குண்டு பொழிந்தன. அவற்றுட் சில பிரிட்டிஷ் மண்ணிலிருந்து புறப்பட அந்நாட்டுப் பிரதமர் தாட்சர் இசைவளித்தார். அமெரிக்க அதிபர் ரீகனையும் தாட்சரையும் நிர்மலா, கிளந்தான் வாயாங் கூலிட் என்னும் நிழற்கூத்தின் தோற்பாவைகளாக்கிக் காட்டினார். இரு நண்பரின் நட்பால் மூன்றாம் நாட்டுக் குடிகளுக்கு ஆபத்து விளைந்ததே என்னும் இகழ்ச்சி தலைப்பிலேயே ஒலிக்கிறது. வல்லரசுத் தலைவரைப் பாவையாக்கியதால் மற்றொரு கேள்வியும் பிறக்கிறது: இப்பாவைகளை ஆட்டுவிக்கும் கை எது?

தோற்பாவைக் கூத்து தமிழகத்துக்கும் உரியது. இராமகதை இரண்டிற்கும் பொது. ஆனால் கிளந்தான் கூத்தின் மூலக்கதைக்கு மகாராஜா வானாவின் சரிதம் என்று பெயர். வானா என்பவன் இராவணனே. நாயகன் பெயரால் அன்றி இராவணன் பெயரால் வழங்கும் இராமகதை! அரக்கன் யார், வீரன் யார் என்பது கதை சொல்லும் இடத்தைப் பொறுத்து மாறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? செய்தித்தாள்கள் வீரர் என்று போற்றியவர்களைத் திரைக்கு முன் நிறுத்தி மறுபடி தீர்ப்புக் கேட்பதற்கு, நிர்மலா இக்கூத்தைத் தேர்ந்தது மிகப் பொருத்தம்.

இவ்வளவும் புகழ்ச்சி, குறையையும் கூறாவிட்டால் திறனாய்வாகாது. அவருடைய வாக்குமூலம் ஓதப்பட்ட மன்றம் எது? தேசிய ஓவியக்கூடமும் பட்டணத்துக் கலைக்கூடங்களுமே. குப்பையின் நடுவே வாழ்ந்தவர்கள் அங்கே போய்த் தம் வாழ்வைக் கண்டார்களா? அரிதினும் அரிது. நுழைவாயிலில் எவரும் தடுப்பதில்லை. ஆயினும் அந்த இடம் தமக்குரியதன்று என்னும் கூச்சமே பெருங்கதவாக நின்றுவிடுகிறது. சாட்சி பேசுகிறது, வழக்காடியோ வெளியே நிற்கிறான். இது கலைஞர் ஒருவரின் குற்றமன்று. காட்சிக்கு வைக்கும் முறையின் குற்றம்.

வேறு முறையும் உண்டு. சென்னைக் கடற்கரையில் 1959-இல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலையைக் காண்க. சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராயிருந்த தேவிபிரசாத் ராய்சௌதுரி வடித்தது. பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்க நான்கு உழைப்பாளிகள் உடல் முறுக்கி நிற்கின்றனர். அதைக் காணச் சீட்டும் வேண்டாம், சட்டையும் வேண்டாம். சுண்டல் விற்கும் பையனும் அதைத் தன்னுடையது என்கிறான்.

நம் ஜார்ஜ் டவுனிலும் சுவர்கள் ஓவியக்கூடமாயின. 2012-இல் லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சகரேவிச் ஆர்மீனியன் தெருவில் தீட்டிய, மிதிவண்டியேறிய இரு குழந்தைகளின் படத்தை அறியாதார் இல்லை. தெருவுக்கே ஓவியம் வந்தது நல்லதே. ஆனால் அதனருகே நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வோர் அது என்ன கேட்கிறது என்று எண்ணுவது அருமை. ஒருபுறம் கேள்வியுள்ள ஓவியம் மண்டபத்துக்குள் அடைபட்டது. மறுபுறம் தெருவுக்கு வந்த ஓவியம் வேடிக்கையாய்ச் சமைந்தது. கேள்வியும் தெருவும் ஒன்று சேரும் நாள் எந்நாளோ?

இது நம்மவரின் வழக்குமாகும். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் பட்டணத்து ஓரங்களில் ஒதுங்கினர். பால்வெட்டும் கத்தியும், மங்கும், காண்டா வாளியும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. மூன்று தலைமுறையின் உழைப்பைச் சாட்சி சொல்ல வல்ல பொருள்கள் குப்பையாகின்றன. அவற்றை எடுத்து, பாட்டியின் புகைப்படத்தையும் தோட்டம் விற்கப்பட்ட செய்தியையும் அருகே வைத்து, ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நிறுத்த எத்தனை வெள்ளி செலவாகும்? செலவன்று தடை, இதுவும் ஓவியம் என்று ஒப்ப மறுக்கும் மனமே தடை. படம் வரையும் பிள்ளையைப் பார்த்து, "இது சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோரும், திருவிழாப் பந்தலுக்கு அள்ளிக் கொடுத்துக் கண்காட்சிக்குக் கைவிரிக்கும் சங்கத்தாரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

பினாங்கிற் பிறந்த ஒரு பெண்மணி, எறிந்ததை எடுத்து நாட்டைக் கேள்வி கேட்டார். நம் வாக்குமூலத்தை எழுதவேண்டியவர் நாமே. தாமதித்தால் சாட்சிப் பொருளும் மிஞ்சாது.